பெட்டியில் பதினெட்டுப் பேர்... பாலிசியில் ஒருவர்!

எடப்பாடி வட்டாரத்து டிராக்டர்களும் அவற்றின் இன்சூரன்ஸ் காகிதமும்: ஒரு சிறப்புப் பார்வை

கொங்கணாபுரத்தில் சனிக்கிழமை என்றால் விடிவதற்கு முன்பே ரோடு நிறைந்துவிடும். ஆட்டுச்சந்தைக்கு வரும் டெம்போக்கள், பருத்தி ஏலத்துக்கு மூட்டை ஏற்றிய வண்டிகள், டீக்கடை வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்திய பைக்குகள். அந்த நெரிசலுக்குள் எடப்பாடிப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் ஹாரனை அழுத்தியபடி நுழைகிறது. பின்னால் பெட்டி. அதில் கடலைக்காட்டுக்குக் களை வெட்டப் போகும் பெண்கள், பதினெட்டுப் பேராவது இருப்பார்கள். மடியில் தூக்குப்போசி, காலடியில் களைக்கொத்து. இடம் போதாமல் மட்கார்டில் ஒருவர் தொற்றிக்கொண்டிருக்கிறார். ஸ்டீரிங்கில் மீசை அரும்பிய பையன். பெட்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது. சிவப்பு விளக்கு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு துருப்பிடித்த கிளாம்ப்.

யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சங்ககிரியில் இருந்து மேட்டூர் வரை, மகுடஞ்சாவடியில் இருந்து பூலாம்பட்டி காவிரிக்கரை வரை தினமும் காலையில் காண்பதுதான். இத்தகைய வண்டிக்காரரை நிறுத்தி, “இன்சூரன்ஸ் இருக்குங்களா?” என்று கேட்டால் கொஞ்சம் முறைப்போடுதான் பதில் வரும்: “அதெல்லாம் கரெக்டா கட்டியாச்சுங்க!”

கட்டியிருப்பார்தான். ஆனால் அந்தப் பாலிசியில் ‘இருக்கைகள்’ என்ற கட்டத்தில் 1 என்று போட்டிருக்கும். ‘பயன்பாடு’ என்ற வரியில் ‘விவசாய வேலைக்கு மட்டும்’ என்று இருக்கும். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமலும் போகலாம்.

2025 ஏப்ரல் 4 அன்று மகாராஷ்டிராவின் நாந்தேடு மாவட்டத்தில், மஞ்சள் காட்டு வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போன டிராக்டர் கிணற்றில் விழுந்தது. ஏழு பெண்கள் இறந்தார்கள். மஞ்சளும் கிணறும் பெட்டியில் போகும் பெண்களும் சேர்ந்த ஒரு செய்தியைப் படிக்கும்போது, எடப்பாடிக்காரருக்கு நாந்தேடு வெகுதூரத்து ஊராகத் தோன்றாது.

நம் ஊர் ‘எங்கும் போகும்’ வண்டி

வெளிநாடுகளில் பண்ணை, காடு, மணல்மேடு என்று எங்கும் ஏறி இறங்கும் நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டிகளுக்கு எப்படி இன்சூரன்ஸ் எடுப்பது என்பது பெரிய விவாதம். நமக்கு அந்த வண்டி, மலைவாச ஊர்களின் சாகசப் பூங்காக்களில் டிக்கெட் வாங்கி ஒரு சுற்று சுற்றும் விளையாட்டுப் பொருள். ஆனாலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. போலாரிஸ் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 ஏ.டி.வி.யை இந்தியச் சாலையில் ஓட்டத்தக்க வண்டியாக விற்க முடிவு செய்தபோது, அதற்கு ஆர்.சி. வாங்கிய வகை எது தெரியுமா? டிராக்டர்!

ஆக, சேற்றிலும் வரப்பிலும் தார்ரோட்டிலும் ஒரே நாளில் ஓடும் வண்டி என்றால் நம் சட்டப் புத்தகத்துக்குத் தெரிந்தது டிராக்டர்தான். இந்தியாவில் ஓராண்டில் விற்கும் டிராக்டர்கள் 9 லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையில் உலகிலேயே பெரிய டிராக்டர் சந்தை இது.

இந்த வண்டிக்குச் சட்டம் காட்டும் சலுகையும் பெரிது. விவசாய டிராக்டர் என்றால் ‘போக்குவரத்து வண்டி அல்ல’ என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் வரையறை. லாரிக்கு இருப்பதுபோல் பர்மிட் தொல்லை இல்லை, வருடா வருடம் எஃப்.சி.க்கு வரிசையில் நிற்கவும் வேண்டாம். ஆனால் சலுகை மொத்தமும் ‘விவசாய’ என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் தொங்குகிறது. அதே டிராக்டர் பெட்டியை மாட்டிக்கொண்டு வாடகைக்கு லோடு அடித்தால், இரண்டும் சேர்ந்து சரக்கு வண்டியாகிவிடும் என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எடப்பாடியில் ஒரு டிராக்டரின் ஒரு வருடத்தை நினைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் கோடை உழவு. மழை விழுந்ததும் கடலை, பருத்திக் காட்டுக்கு உழவு. கால்வாய்ப் பாசனத்தில் நடவு வந்தால் சேற்றுழவு. அப்புறம் கரும்பு லோடு, மரவள்ளிக் கிழங்கு லோடு. வேலை ஓய்ந்த மாதங்களில் செங்கல், ஜல்லி, செம்மண், வீட்டுக் கான்கிரீட்டுக்கு எம்.சாண்ட். இடையில் கோயில் நோம்பி வந்தால் சாமி ஊர்வலம், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் பண்டம், ஆள் அம்பு. வங்கிக் கடனில் எட்டு லட்சம், ஒன்பது லட்சம் போட்டு வாங்கிய வண்டியை உழவுக்கு மட்டும் வைத்திருந்தால் தவணை கட்ட முடியாது என்பது வாங்கியவருக்கும் தெரியும், விற்ற டீலருக்கும் தெரியும், பாலிசி போட்ட ஏஜென்டுக்கும் தெரியும்.

—————————————
பெட்டிச் செய்தி: எதற்கு எவ்வளவு?

2022 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்த மத்திய அரசின் பட்டியல்படி ஓராண்டு ‘தேர்டு பார்ட்டி’ பிரீமியம்:

டிராக்டர் உள்ளிட்ட சிறப்பு வகை வண்டி: 7,267 ரூபாய்
அத்துடன் இணைக்கும் டிரெய்லர்: 2,485 ரூபாய்
கையால் பிடித்து நடந்தே ஓட்டும் 6 எச்.பி. வரையிலான உழவு வண்டி: 1,645 ரூபாய்
ஒப்பிட: 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள சொந்தக் கார் 3,416 ரூபாய். 75 முதல் 150 சி.சி. வரையுள்ள பைக் 714 ரூபாய்.

டிராக்டரும் பெட்டியும் சேர்ந்தால் 9,752 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு சுமார் 11,500. டிராக்டருக்கான ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். டிராக்டருக்கான இன்சூரன்ஸுக்கு அந்தச் சலுகை வரவில்லை.
—————————————

“தேர்டு பார்ட்டி போட்டா போதுமுங்களா?”

பாலிசி புதுப்பிக்கும் நாளில் ஏஜென்டிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இது. போதும் என்பதுதான் சட்டத்தின் பதில். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு கட்டாயப்படுத்துவது, வெளியாளுக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டை மட்டும்தான். அதுவும் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை; அடுத்த தடவை அபராதம் 4,000.

சொந்த வண்டிக்கு வரும் சேதத்துக்கான ‘பர்ஸ்ட் பார்ட்டி’யை வங்கிக்காரர் விரட்டும்வரை எடுப்பார்கள். கடன் முடிந்த வருடமே அதை நிறுத்துவதும் வழக்கம். நிறுத்தாதவர்களும் ஒன்றைக் கவனிப்பதில்லை. வர்த்தக வண்டிகளுக்கான பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பானெட்டின் பக்கத் தகடு, பெயின்ட் ஆகியவற்றின் சேதம் சாதாரணமாகச் சேராது. வேண்டுமென்றால் கூடுதல் பிரீமியம் கட்டி அதற்கான ஒப்புதலை வாங்க வேண்டும். டிராக்டரில் அடிபடுவதே இவைதான்! ரொட்டவேட்டர், கலப்பை போன்றவையும் தனியாகக் குறிப்பிட்டால் ஒழிய வண்டியின் மதிப்பில் அடங்காது.

இது வெறும் இரும்புக் கணக்கு. நஷ்டம் வந்தால் ஒரு போகம், இரண்டு போகத்தில் எழுந்துவிடலாம். குடும்பத்தையே சாய்ப்பது இன்னொரு கணக்கு.

விவசாயமா, வியாபாரமா?

டிராக்டர் பாலிசியைப் பிரித்து ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பத்தியைத் தேடுங்கள். விவசாய, வனப் பணிகளுக்கு மட்டும் என்றும், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் செல்லாது என்றும் பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். பக்கத்துக் காட்டுக்காரருக்கு மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு உழுவதுகூட இந்த வரியில் இடிக்குமோ என்று வாதிட வாய்ப்பிருக்கிறது. அதைச் செய்யாத டிராக்டர்காரர் சேலம் ஜில்லாவில் இருக்கிறாரா?

நீதிமன்றங்கள் இந்த வரியை எப்படிப் படித்திருக்கின்றன என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகளைப் பார்த்தாலே போதும்.

2004-ல் ஒன்று. தன் காய்கறியை டிராக்டர் பெட்டியில் ஏற்றி, கூடவே பயணித்தவர் விபத்தில் இறந்தார். காய்கறி விவசாய விளைபொருள்தானே என்று குடும்பம் கேட்டது. விளைபொருளாக இருக்கலாம், ஆனால் இன்னொருவர் தன் வியாபாரத்துக்காகச் சரக்கு ஏற்ற அந்த டிராக்டருக்குக் காப்பீடு இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி தப்பித்தது.

2007-ல் வந்தது செங்கல் சூளைக்கு மண் ஏற்றிப்போன பெட்டியிலிருந்து விழுந்த தொழிலாளியின் வழக்கு. டிராக்டருக்குப் பாலிசி உண்டு, பெட்டிக்கு இல்லை. செங்கல் சூளை விவசாயமும் அல்ல. சட்டப்படி கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், ஏழைத் தொழிலாளி என்பதால் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியது. ‘முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.’

2014-ல் காற்று திசை மாறியது. மணல் ஏற்றிப்போன டிராக்டர் விபத்துக்குள்ளானது. மணல் என்றாலே வியாபாரம் என்றது கம்பெனி. அந்த மணல் விவசாய நிலத்தை ஒட்டிப் பாசனத்துக்காகக் கட்டிய தொட்டிக்குப் போனது. அப்படியானால் அது விவசாயப் பயன்பாடுதான், நிபந்தனையை மீறியதாக நிரூபிக்க வேண்டியது கம்பெனியின் வேலை, அதை அவர்கள் செய்யவில்லை என்று கோர்ட் முடித்தது.

இந்த மூன்றாவது தீர்ப்பு எடப்பாடிக்காரருக்கு நேரடியாக உதவும். 2024-ல் ஏரி, குளங்களில் வண்டல் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கலாம் என்று தமிழக அரசு நடைமுறையை எளிமையாக்கியது. அதன்பின் கோடையில் மண் அடிக்கும் டிராக்டர்கள் பெருகிவிட்டன. சொந்த வயலுக்கு வண்டல் அடிப்பவர், அந்த அனுமதிச் சீட்டை வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது. போலீஸ் பிடித்தால் காட்டுவதற்கு மட்டுமல்ல. விபத்து நடந்து வழக்கு வந்தால், போன லோடு விவசாயத்துக்குத்தான் என்று காட்ட அதைவிடச் சிறந்த ஆதாரம் கிடைக்காது. அதே மண்ணை பிளாட் போட்டவருக்கு லோடு இவ்வளவு என்று விற்றிருந்தால் 2007-ம் ஆண்டு வழக்கின் நிலைதான்.

பெட்டியில் ஆள் ஏற்றினால்...

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

டிராக்டரில் உட்கார இடம் ஓட்டுபவருக்கு மட்டுமே என்பது சட்டத்தின் பார்வை. மட்கார்டில் உட்கார்ந்தவரும் பெட்டியில் ஏறியவரும் அதன் கணக்கில் இல்லாத ஆட்கள். பெட்டியில் கூட்டிப்போன தொழிலாளர்களுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது என்று 2007-ல் மற்றொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் டிராக்டரில் பயணியாகப் போய் அடிபட்டவர் வழக்கிலும் ‘நிபந்தனை மீறல்’ என்பதே முடிவு. ஆனால் ‘கொடுத்துவிட்டு வசூலித்துக்கொள்’ என்ற ஆறுதல் அவருக்குக் கிடைத்தது.

அந்த ஆறுதல் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு. வண்டிக்காரருக்கு அல்ல. கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு, அதே தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு உரிமையாளரின் சொத்தின் மீது வரும். டிராக்டர், அப்புறம் காடு.

எவ்வளவு பணம் என்று பலருக்கும் உத்தேசம்கூட இல்லை. விபத்து இழப்பீட்டைத் தீர்ப்பாயங்கள் கணக்கிடும் முறையை 2009, 2017-ம் ஆண்டுத் தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் வகுத்துவைத்திருக்கிறது. அந்த முறைப்படி ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 35 வயதுப் பெண், விவசாயக் கூலி. மாத வருமானம் 10,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்கிறது. நாற்பது வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 14,000. அவரை நம்பியிருப்பவர்கள் நான்கு பேர் என்றால் சொந்தச் செலவுக்குக் கால்பங்கு கழிப்பார்கள், 10,500. பன்னிரண்டு மாதம். 31 முதல் 35 வயதுக்கான பெருக்கு எண் 16. மொத்தம் 20,16,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச்சடங்கு, குடும்ப இழப்பு என்று வரும் தொகைகள், வட்டி, வழக்குச் செலவு.

ஒரு உயிருக்கு 20 லட்சம். பெட்டியில் பதினெட்டுப் பேர்.

இது மிகைப்படுத்திப் பயமுறுத்துவது அல்ல. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசம் கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் பெட்டி குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் காஸ்கஞ்சில் கங்கையில் நீராடப் போனவர்கள். அங்கும் இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள். 2025 அக்டோபர் 2, விஜயதசமி நாளில் மத்தியப் பிரதேசம் கண்ட்வா மாவட்டத்தில் துர்கை சிலை கரைக்கப் போன பெட்டி நீரில் விழுந்து 11 பேர். ஒவ்வொரு முறையும் முதலமைச்சர்கள் நிவாரணம் அறிவிக்கிறார்கள். டிராக்டரை விவசாயத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில் பெட்டிகள் மறுபடி நிறைகின்றன.

நிறையாமல் என்ன செய்யும்? 2021-ல் வந்த ‘விடியல் பயணம்’ திட்டத்தில் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான். ஆனால் அந்த பஸ் காலை ஆறு மணிக்கு மண்பாதை வழியாகக் கடலைக்காட்டு வரப்புக்கு வராது. எட்டு ஊர் தள்ளிக் களை வேலை என்றால் வேலைக்காரரைக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவது காட்டுக்காரர் பொறுப்பு. “வண்டி அனுப்பினாத்தான் வருவமுங்க” என்று அந்தப் பெண்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேன் வைத்தால் கூலியில் பாதி வாடகைக்கே போகும். இருக்கிற ஒரே வண்டி டிராக்டர். சட்டம் ‘ஏற்றாதே’ என்கிறது. பயிர் ‘இன்றைக்கே களை எடு’ என்கிறது. பயிர்தான் ஜெயிக்கும்.

—————————————
பெட்டிச் செய்தி: 50 ரூபாயும் 20 ரூபாயும்

சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால், அவருக்கான பொறுப்பைப் பாலிசியில் சேர்க்க ஆண்டுக்குக் கூடுதல் பிரீமியம் வெறும் 50 ரூபாய். பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா: ஆண்டுக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் ஆகும். யார் வண்டி, எந்த வண்டி, பெட்டியா பஸ்ஸா என்ற கேள்வியே இதில் கிடையாது.

நிலமற்ற விவசாயத் தொழிலாளர் விபத்தில் இறந்தால் மாநில அரசு தரும் உதவியை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்துவதாக 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது.
—————————————

அப்பன் பேரில் வண்டி, மகன் கையில் ஸ்டீரிங்

பேச யாரும் விரும்பாத இன்னொரு ஓட்டை இது. டிராக்டரின் ஆர்.சி. பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கும். நிலமும் கடனும் அவர் பெயரில் என்பதால். சில வீடுகளில் மானியத்துக்காக அம்மா பெயரில். ஓட்டுவது மகன்.

உரிமையாளரே ஓட்டிப்போய் அடிபட்டால் 15 லட்சம் ரூபாய் வரை தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. முன்பு இது ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று சொற்பமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்துதான் 2018-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 15 லட்சமாக உயர்த்தியது. ஆனால் அது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு, அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்தால் மட்டும். எழுபது வயது அப்பாவுக்கு லைசென்ஸே கிடையாது என்றால் அந்தப் பிரீமியத்தால் யாருக்கும் பயனில்லை.

மகன்? வரப்பு ஏறும்போது டிராக்டர் பின்னால் மல்லாந்து அவர்மேல் விழுந்தால், ‘தேர்டு பார்ட்டி’யில் பைசா வராது. உரிமையாளரிடமிருந்து வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், தனக்குத்தானே வெளியாள் ஆக முடியாது என்று 2009-லும் 2020-லும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. டிராக்டர் விபத்துகளில் எதிர் வண்டியே இல்லாமல் தானே கவிழ்வது எவ்வளவு சகஜம் என்று எந்த ஊரிலும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஓட்டும் எல்லோருக்கும் தனியாக விபத்துக் காப்பீடு எடுப்பது ஒன்றுதான் இதற்கு வழி. அதை எந்த ஏஜென்டும் வலிய வந்து சொல்வதாகத் தெரியவில்லை. டிராக்டர் பாலிசி போடும் அவசரத்தில் ‘ஓனர் டிரைவர்’ கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பதினெட்டு நிரம்பாத பையன் ஓட்டினால் கதையே வேறு. 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் ஓட்டி விபத்து செய்தால் வண்டி உரிமையாளர் அல்லது பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்து. “லீவுதானே, ஒரு நடை போயிட்டு வரட்டும்” என்று சாவியைக் கொடுக்கும் மாமன்கள் இதைப் படிப்பார்களாக.

லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நல்ல செய்தி. டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் உள்ளவர் பெட்டி மாட்டியதாலேயே தகுதி இழக்க மாட்டார் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு சாதாரண இலகு ரக லைசென்ஸே போதும் என்பதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. கம்பெனிகள் இந்தக் காரணத்தை வைத்து வழக்காடுவது இனி கடினம்.

பெட்டி தனி வண்டி

சட்டத்தின் கண்ணில் டிரெய்லர் தனி வண்டி. அதற்குத் தனிப் பதிவு, தனி எண், தனிப் பிரீமியம். எடப்பாடி, தாரமங்கலம் பக்கம் லேத் பட்டறையில் அடித்துவாங்கிய பெட்டிகளில் எத்தனைக்கு இது இருக்கிறது என்று ரோட்டோரம் நின்று எண்ணிப் பார்க்கலாம், விரல்களே அதிகம்.

பெட்டியால் சாகிறவர்கள் பெட்டிக்குள் இருப்பவர்கள் மட்டுமல்ல. கரும்பு வெட்டு நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேல் சங்ககிரி, திருச்செங்கோடு சாலைகளில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ரிஃப்ளெக்டரும் இல்லாமல் பின்விளக்கும் இல்லாமல் கரும்பு லோடு ஒன்று இருட்டோடு இருட்டாக நகர்ந்துகொண்டிருக்கும். எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் நேரத்தில், பைக்காரர் அதன் பின்புறத்தைப் பார்ப்பதே முட்டியபிறகுதான். பெட்டிக்குப் பாலிசி இல்லை என்று கம்பெனி வாதிடும். பைக்காரரின் மனைவி கோர்ட்டுக்கு நடப்பார். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரின் விலை சில நூறு ரூபாய்.

காப்பீடே இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், அதை ஏலம் விட்டு இழப்பீட்டுக்கு ஈடாகப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட விதி கொண்டுவரும்படி 2018-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பழைய டிராக்டரை ஏலம் விட்டால் என்ன கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

  

விபத்து நடந்த மறுநிமிடம்

முதலில் உயிர். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்ச் சிகிச்சைக்கு வழியுண்டு. அடிபட்டவர் பெட்டியில் வந்தாரா, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் சிகிச்சை என்று இல்லை.

அடுத்து நம் ஊர்களில் வழக்கமாக நடப்பது பஞ்சாயத்து. “கேசு கீசு வேண்டாம், நம்ம ஊருக்காரரு” என்று கையில் ஐம்பதாயிரமோ லட்சமோ கொடுத்து முடித்துவைப்பார்கள். இறந்தவர் பெரும்பாலும் கூலிக்காரர், வண்டிக்காரர் வேலை கொடுப்பவர். பேரம் சமமானவர்களுக்கு இடையே நடப்பதில்லை. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இழப்பீட்டு வழக்கு நிற்பது கடினம். இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதம் என்று கெடு வைத்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. அதை எதிர்த்தும் வழக்குகள் நடக்கின்றன. என்றாலும் ஆறு மாதத்தைத் தாண்டவிடாமல் மனு போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். கருமாதி முடிந்து, ஊர்ப்பேச்சு முடிந்து, வக்கீலைப் பார்க்கப் போவதற்குள் அந்த ஆறு மாதம் ஓடிவிடும்.

யார் மாற்ற வேண்டும்?

‘டிராக்டரில் ஆள் ஏற்றாதீர்கள்’ என்று போஸ்டர் ஒட்டிவிட்டு அரசும் கம்பெனிகளும் ஒதுங்கிக்கொள்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை. வேளாண் பொறியியல் துறையே டிராக்டரை மணிக்கு 500 ரூபாய் என்று வாடகைக்கு விடும் மாநிலம் இது. வாடகை உழவு இல்லாமல் சிறு விவசாயம் இல்லை என்று அரசுக்குத் தெரியும். அப்படியிருக்க, ‘வாடகைக்குச் செல்லாது’ என்ற வரியோடு பாலிசி விற்க எப்படி விடுகிறார்கள்?

கார்களுக்கு மூன்று ஆண்டு, பைக்குகளுக்கு ஐந்து ஆண்டு என்று ஒரேயடியாக தேர்டு பார்ட்டி எடுக்கும் முறை 2018 செப்டம்பரில் வந்தது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கின் வழியே உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. வருடா வருடம் புதுப்பிக்க மறப்பவர்களால்தான் காப்பீடில்லா வண்டிகள் பெருகுகின்றன என்பது அதன் காரணம். டிராக்டர் அந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. பணம் புழங்குவது அறுவடை மாதங்களில். பாலிசி முடிவதோ வண்டி வாங்கிய மாதத்தில். ஆடியில் கையில் காசில்லாத வீட்டில் எந்தக் காகிதம் முதலில் தள்ளிப்போகும்? டீலரிடம் வாங்கும்போதே கடனோடு சேர்த்து ஐந்தாண்டுக்குப் போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

பெட்டியில் ஏறும் தொழிலாளருக்கு ஒரு தனிக் காப்பீடும் தேவை. பக்கவாட்டுத் தடுப்பும் உட்காரும் பலகையும் பின்விளக்கும் உள்ள பெட்டி, இத்தனை பேருக்கு மேல் இல்லை, இத்தனை வேகத்துக்கு மேல் இல்லை என்ற நிபந்தனையோடு தலைக்கு இவ்வளவு என்று ஒரு பிரீமியம். சட்டத்தைத் திருத்தாமல் இது நடக்காது. ‘ஏற்றியதே தவறு’ என்ற இடத்திலேயே கம்பெனிகள் நின்றுகொள்வது அவர்களுக்கு லாபம் என்பதால், அவர்களாக முன்வருவார்கள் என்றும் எதிர்பார்க்க முடியாது. எடப்பாடியிலிருந்து முதலமைச்சரே வந்திருக்கிறார். விவசாயி என்ற சொல்லை மேடையில் சொல்லாத கட்சி இந்த மாநிலத்தில் இல்லை. பெட்டியில் போகும் பெண்ணுக்கு என்ன காப்பீடு என்று சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்க, அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் தடை ஒன்றும் இல்லை.